தூரத்தில் தெரிகிற நிறம்

தெட்சிணாமூர்த்திக்கு இடுப்பு இரண்டாகக் கழன்றுவிட்டது போல வலித்தது. தார் ஊற்றுகிறவனுக்கு முன்னால் நெருப்பு, பின்னால் வெயில். நடுவில் வளைந்தே கிடக்கிற இடுப்பு என்னதான் செய்யும்? ஜல்லிக் குவியலில் சாக்கை விரித்து மல்லாந்தார். மேஸ்திரி ஆன பிறகும் வாளி பிடிக்கிற மேஸ்திரி அவர் ஒருத்தர்தான்.

"மேஸ்திரின்னா குடை புடிச்சிக்கிட்டு நிக்கணும்ணே" என்பான் செல்லையன். "நீங்களே வாளியத் தூக்குனா எங்களுக்குல்ல மரியாதை கெட்டுப்போவுது."

படுத்தபடியே தலையைத் திருப்பிப் பார்த்தவருக்கு வலி மறந்து கோபம் ஏறியது. வேப்பமர நிழலில் பெண்கள் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். எப்போதும் போலப் புடவைக்கு மேல் புருசன்மாரின் பழைய சட்டை. காலையில் ஆளுக்கொன்றாகக் கொடுத்த காவி மேல்சட்டை ஒருத்தி உடம்பிலும் இல்லை.

"கோட்டு எங்கடி?"

தார்க்கொப்பரை கிளறுகிற தையல்நாயகி எச்சில் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சட்டைக் காலரை விலக்கிக் காட்டினாள். உள்ளே காவி தெரிந்தது. ஓரத்தில் மஞ்சள்கூடத் தடவியிருந்தாள்.

"உள்ள போட்டிருக்கோம் மேஸ்திரி. புதுத் துணி. தார் பட்டா போவுமா?"

"லாரிக்காரன் பாக்கறதுக்குத் தச்சதுடி அது. உள்ள போட்டா எவன் கண்ணுக்குத் தெரியும்?"

"ஏன், ஒங்க கண்ணுக்குத் தெரியுதுல்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு அன்னபூரணி சிரித்தாள். அவருடைய மனைவி. ஒரு விஷக் காய்ச்சல் வந்து போனதில் அவளுக்குக் காது போயிற்று. மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் சிரிக்க வேண்டும், அதனால் எப்போதும் கொஞ்சம் பிந்தும். வேலை நடக்கிற இடத்தில் சாலையோரம் சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும் பிடிப்பது அவள் வேலை. கண் கூர்மை. எதிரே வண்டி வருவதை மற்றவர்கள் கேட்கிறதற்கு முன்னால் அவள் பார்த்துவிடுவாள்.

புதிதாக வந்த ஓவர்சியர் நீலகண்டன்தான் மேல்சட்டைப் பேச்சை எடுத்தவர். சாலையில் நிற்கிற ஆள் அத்தனை பேரும் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிய வேண்டும், இல்லாவிட்டால் வேலையை நிறுத்திவிடுவேன் என்றார். "என்ன கலர் சார்?" என்று கேட்டதற்கு, "கண்ணுல அடிக்கிற கலர்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறிப் போனார். காண்டிராக்டர், "நீயே பாத்து எடுத்துடுய்யா" என்று பொறுப்பைத் தள்ளிவிட்டார். தெட்சிணாமூர்த்தி கடைத்தெருவுக்குப் போனார். ஆவணி மாதம். எந்தக் கடையில் நுழைந்தாலும் காவித்துணி மலை மலையாகக் குவிந்திருந்தது. விலையும் மலிவு, கண்ணிலும் அடித்தது. ஒரே கடையில் மொத்தமும் கிடைத்துவிட்டதே என்ற சந்தோஷத்தில், எதற்காக இத்தனை காவி குவிந்திருக்கிறது என்று யோசிக்கவில்லை. காரைக்காலில் பிறந்து வளர்ந்தவர் அவர். யோசித்திருக்க வேண்டும்.

கோட்டு கொடுத்த இரண்டு நாளில் யோசிக்க வேண்டி வந்தது. வேளாங்கண்ணிக்கு நடக்கிற கூட்டம் சாலையில் இறங்கிற்று. ஆண், பெண், பிள்ளை குட்டி அத்தனை பேரும் காவி. மாதா சுரூபம் வைத்த தள்ளுவண்டி, மேளம், வெறுங்கால். சாலையோரம் முழுக்கக் காவி போய்க்கொண்டே இருந்தது. அதற்கு நடுவில் அதே காவியில் அன்னபூரணி, எதிர்த்திசை வண்டியைப் பார்த்துச் சிவப்புக் கொடியைப் பிடித்தபடி நின்றாள். பின்னாலிருந்து ஒரு மணல் லாரி வந்தது. ஹார்ன் அடித்தது. நடந்துகொண்டிருந்தவர்கள் ஒதுங்கினார்கள். அவள் ஒதுங்கவில்லை.

தெட்சிணாமூர்த்தி வாளியைப் போட்டுவிட்டு ஓடினார். ஓடி என்ன, எட்டவா முடியும்? லாரி கடைசி நொடியில் திரும்பி ஜல்லிக் குவியலில் ஏறி நின்றது. அதன் பக்கத்துக் கொக்கி கொடிக்கம்பைத் தட்டியதில் அவள் சுற்றிக்கொண்டு விழுந்தாள். முழங்கை தோலுரிந்து ரத்தம் வந்தது. வேறொன்றுமில்லை.

டிரைவர் இறங்கி வந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"மாதா கோயிலுக்குப் போற ஜனமுன்னு நெனச்சேண்ணே. ஹார்ன் அடிச்சா ஒதுங்கிடுவாங்க. காலையிலேந்து அப்படித்தானே வந்துக்கிட்டிருக்கேன்."

அவனைத் திட்ட வாயெடுத்த செல்லையன் அன்னபூரணியின் மேல்சட்டையைப் பார்த்தான், போகிற கூட்டத்தைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான்.

நீலகண்டன் சாயங்காலம் வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது தெட்சிணாமூர்த்திக்கு.

"மேஸ்திரி, ஊரோட சேந்து தெரியறதுக்கா கோட்டு? தனியாத் தெரியணும். மெட்ராசுக்கு எழுதிப் போடறேன், வர நாளாவும். அதுவரைக்கும் நீங்க எதையாவது நல்லதாப் பாருங்க. அம்மா மட்டும் ரோட்டுக்கு வர வேண்டாம். காது கேக்கறவங்களுக்கு ஹார்னாவது காப்பு. இவங்களுக்கு அடுத்தவன் கண்ணுதானே காப்பு?"

அன்னபூரணி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழுக்கப் புரிந்துவிட்டது என்பது, அவள் உடைந்த கொடிக்கம்பைச் சாக்கில் சுற்றிய விதத்தில் தெரிந்தது.

வீட்டில் அவள் குழம்பைக் கொதிக்க வைத்துவிட்டு அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெட்சிணாமூர்த்தி எதிரே போய் உட்கார்ந்து, அவளுக்கு வாய் தெரிகிற மாதிரி மெதுவாகச் சொன்னார். "கொஞ்ச நாள் வீட்ல இரு புள்ள. கை ஆறட்டும்."

"வீட்ல இருந்து என்னத்தப் பாக்கறது? செவுத்தையா?" குரலின் அளவு அவளுக்குத் தெரியாது, கொஞ்சம் உரக்கவே வந்தது. "அங்கன்னா அவளுவ வாயப் பாத்துப் பாதிப் பேச்சாவது புரியும். நீங்க செல்லையன வையறதப் பாப்பேன். இங்க யாரு வாயப் பாக்கறது?"

அவர் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து அவள் முழங்கையில் தடவினார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவர் முகத்தையும் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் அவளிடம் பேச முடியாது.

மறுநாள் தையல்காரர் நூகு பாய் கடைக்குப் போனார். நடந்ததைக் கேட்ட பாய் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சுருள் சுருளாக எடுத்துப் போட்டார். சிவப்பு, மஞ்சள், கிளிப்பச்சை.

"எடுத்துப் பாருங்க மேஸ்திரி. எல்லாம் பளிச்சுனுதான் இருக்கு. இருக்கறதெல்லாம் பளிச்சுன்னு இருந்தா எதுங்க பளிச்சு?"

கால்சட்டையைச் சுருக்கக் கொடுக்க வந்திருந்த ஒருவர் அதைக் கேட்டுச் சிரித்தார். மத்லேனம்மாள் மகன் சவியே. பிரான்சில் ரயில் தண்டவாளம் பழுது பார்க்கிற வேலை, லீவில் ஊருக்கு வந்திருக்கிறார்.

"எங்களுக்கு இதுக்குன்னே ஒரு ழிலே குடுத்திருக்காங்க பாய். கையில்லாத சட்டைதான். அது இல்லாம தண்டவாளத்துல கால் வச்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"கூட எடுத்தாந்திருக்கீங்களா?"

"எடுத்தாந்தேன், ஆனா போடறதுக்கு இல்ல. அம்மாவுக்கு வாங்குன கண்ணாடி ஜாடியச் சுத்தி எடுத்தாந்தேன்."

சைக்கிளில் போய்க் கொண்டுவந்தார். ஆரஞ்சு நிறம்தான், ஆனால் காவியை அதன் பக்கத்தில் வைத்தால் காவி அழுக்குத்துணி. கடைக்குள் விளக்குப் போட்டது போல இருந்தது. நெஞ்சிலும் முதுகிலும் வெள்ளிப் பட்டை. பாய் டார்ச்சை அடித்தார். பட்டை டார்ச்சையே திருப்பி அடித்தது.

"நான் பிரான்சுக்குத் திரும்பிப் போற அன்னிக்குக் குடுத்தாப் போதும்" என்றார் சவியே.

அன்று சாயங்காலம், பொழுது மங்குகிற நேரத்தில், பாய் கொடுத்த துணிகளையெல்லாம் தோளில் போட்டுக்கொண்டு புருசனும் பெண்டாட்டியும் கோவில்பத்துப் பக்கம் நேரான சாலைக்குப் போனார்கள். லாரிக்காரன் கண்ணுக்கு எது தெரியும் என்று ஊரில் எல்லாரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். தெட்சிணாமூர்த்திக்குத் தெரிந்த நல்ல கண் ஒன்றுதான்.

"நான் நடந்து போறேன். தெரியற வரைக்கும் கையத் தூக்கிக்கிட்டு நில்லு. தெரியலன்னா கைய எறக்கிடு. நான் அப்பப்ப திரும்பிப் பாத்துக்கறேன்."

சிவப்பைப் போர்த்திக்கொண்டு நடந்தார். வெளிச்சம் குறைய, சிவப்பு கறுப்பாகிவிட்டது. பனைமரத்தடியில் திரும்பினால் அவள் கை இறங்கியிருந்தது. கிளிப்பச்சை பனைமரம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. சாலைக்கு இரண்டு பக்கமும் குறுவை நெல், அதற்குள் போய் மறைந்துகொண்டது. மஞ்சள் கொஞ்சம் தாக்குப்பிடித்தது, ஆனால் ஒரு பஸ் கிளப்பிவிட்ட புழுதியில் கரைந்துபோயிற்று. ஒவ்வொரு தடவையும் திரும்பி நடந்து வந்து மாற்ற வேண்டும். இடுப்பு விட்டுப்போயிற்று. காவியை அவர் எடுக்கவேயில்லை. அதற்குப் பரீட்சை முடிந்துவிட்டது.

கடைசியாகச் சவியேவின் மேல்சட்டை. பனைமரத்தைத் தாண்டினார். கை தூக்கியிருந்தது. மதகைத் தாண்டினார். தூக்கியே இருந்தது. அதற்கப்புறம் அவருக்கே அவள் சரியாகத் தெரியவில்லை, புள்ளி மாதிரி நின்றாள். இருந்தாலும் நடந்தார். ஏன் நடந்தார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒருத்தி தன்னை இவ்வளவு நேரம் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது முதுகில் இளஞ்சூடாகப் படிந்திருந்தது.

திரும்பி வந்தபோது அவள் ஒரு கையால் மறு கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோலுரிந்த கையையே தூக்கியிருக்கிறாள்.

"தெரிஞ்சிச்சா புள்ள?"

"போதும் வாங்கன்னு எத்தனவாட்டிக் கத்துனேன்! ஒங்களுக்கும் காது போயிடுச்சா?"

சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்தாள். அவர் பிந்திச் சிரித்தார்.

மேல்சட்டையைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டார். தொளதொளவென்று முழங்கால் வரைக்கும் தொங்கியது. அவள் வெள்ளிப் பட்டையைத் தடவிப் பார்த்தாள். "தார் பட்டுடுமே" என்றாள். "பழைய சட்டைய மேல போட்ட, கொன்னுடுவேன்" என்றார் அவர்.

மறுநாள் அவளை அந்தச் சட்டையில் நிற்க வைத்துவிட்டு, நீலகண்டன் ஸ்கூட்டரைக் கொண்டுபோய்த் தூரத்தில் நிறுத்தி, அங்கிருந்து பார்த்தார். மெட்ராஸ் சரக்கும் இதே போலத்தான் வேண்டும் என்று அந்தச் சட்டையைக் காட்டியே காண்டிராக்டரிடம் சொன்னார். "அம்மா வரட்டும். இந்தச் சட்டையோட மட்டும்" என்றார்.

அன்னபூரணி புதுக் கம்பில் கொடி கட்டிக்கொண்டு சாலைக்கு வந்தாள். லாரிகள் வெகுதூரத்திலேயே வேகத்தைக் குறைத்தன. காவிக் கூட்டம் அவளைச் சுற்றிக்கொண்டு போயிற்று. நடந்துபோன ஒரு கிழவர் அவளைக் கும்பிட்டுவிட்டுக்கூடப் போனார். "அக்காவுக்கு உண்டியல் வச்சிடலாம்" என்றான் செல்லையன்.

சவியே பிரான்சுக்குக் கிளம்புகிற நாளில் மெட்ராஸ் சரக்கு வந்து சேரவில்லை. காலையிலேயே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தார்கள். ரோலர் சீக்கிரம் வந்துவிட்டதில் நேரம் போய்விட்டது. பெட்டிகளைக் கூரையில் கட்டிய கார் வருவதைப் பார்த்ததும் அவள் சிவப்புக் கொடியை நீட்டி நிறுத்தினாள். தெட்சிணாமூர்த்தி ஓடிவந்தார். அவள் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேல்சட்டையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

"கழட்டாதீங்கக்கா!" சவியே கார் ஜன்னலில் தலையை நீட்டினார். அவள் குனிந்திருந்ததால் வாயைப் பார்க்கவில்லை. அவர் கையை நீட்டி அவள் தோளில் துணியை ஏற்றிவிட்டார். அவள் நிமிர்ந்தாள்.

"அங்க தொலைஞ்சிடுச்சுன்னு சொல்லிக்கறேன்" என்றார், மெதுவாக, அவளுக்குப் புரிகிற மாதிரி.

"திட்ட மாட்டாங்களா தம்பி?" என்றார் தெட்சிணாமூர்த்தி.

"திட்டுவாங்க. அவங்களுக்கு அதுதானே வேலை."

பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. அன்னபூரணி பச்சைக் கொடியைத் தூக்கினாள். கார் போயிற்று. பின்னால் நின்ற வண்டிகள் அத்தனையும் போன பிறகும் அவள் கொடியை இறக்கவேயில்லை.

அடுத்த மாதம் மெட்ராஸ் சரக்கு வந்தது. எல்லாருக்கும் ஆளுக்கொன்று, அவளுக்கும் ஒன்று. சவியேவின் சட்டையை மண்ணெண்ணெய் தொட்டுத் தார் போகத் துடைத்து, துவைத்து, மடித்துப் பெட்டியில் வைத்தாள். அவள் கணக்கில் அது இரவல் வாங்கியது. சவியேவுக்கு அவர்கள் ஒரு சட்டை திருப்பித் தர வேண்டும். இன்னும் தரவில்லை.