பீப்பாய்களுக்குச் சொல்ல வேண்டும்

இடது கால் ஷூ ஏறிவிட்டது. வலது கால் மறுத்தது. சில்கே குதிகாலைப் பிடித்துத் தள்ளினாள். அப்பாவின் கால் மடங்காமல் கட்டை மாதிரி நகர்ந்தது.

"நாடாவை அவுத்துட்டுப் போடு," என்றாள் அம்மா இர்மா. "உயிரோட இருந்தப்பவே அந்தக் கால் யார் பேச்சையும் கேட்டதில்ல."

தூக்கத்திலேயே போய்விட்டார், இதயம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு டாக்டர் கிளம்பி அரைமணி ஆகியிருந்தது. எவால்டுக்கு எண்பத்தொரு வயது. கட்டிலின் ஓரத்தில், போர்வைக்கு மேலே, நேற்றைய சட்டையோடு கிடந்தார். வெள்ளை விரிப்பு கசங்கக் கூடாதென்று இரண்டு இரவும் அப்படித்தான் படுத்தார்.

அம்மா அப்பாவின் ஐம்பதாவது கல்யாண நாளுக்கு சில்கே பிடித்த அறை. பட்டு ஒட்டிய சுவர், சிங்கக்கால் வைத்த குளியல் தொட்டி, எந்தத் தலையணை வேண்டும் என்று கேட்க ஒரு அட்டை. ஹோட்டலாவதற்கு முன் இது ஒயின் பண்ணை. முப்பத்தெட்டு வருஷம் இதன் நிலவறையைப் பார்த்துக்கொண்டவர் எவால்ட். இப்போது நிலவறையில் வெந்நீர்க் குளம். அவருக்காகத் தங்க நூலில் பெயர் தைத்த வெள்ளைக் குளியல் அங்கி ஒன்றுகூட ஏற்பாடு செய்திருந்தாள்.

"இதை மாட்டிக்கிட்டா? நிலவறைக்குள்ள நான் ஏப்ரன் இல்லாம இறங்கினதே இல்ல" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து திராட்சைச் சரிவைப் பார்த்தபடி, அம்மா வீட்டிலிருந்து கட்டி வந்த ஈரல் சாசேஜ் ரொட்டியைத் தின்றார். "உங்களுக்கு எதைக் குடுத்தாலும் வீண்தான்ப்பா" என்று நேற்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் சில்கே சொன்னாள். "சாப்பிடு, ஆறிடப் போகுது" என்றார். அவளிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

கதவு தட்டப்பட்டது. சாம்பல் கோட்டு போட்ட இளம் மேலாளர்.

"ஒன்பதுக்கு வண்டி வந்துடும், மேடம். பின்பக்க லிஃப்ட்ல இறக்கிடலாம். விருந்தாளிங்க யாரும் சங்கடப்படாம..."

"அதுக்கு முன்னாடி பீப்பாய்க்குச் சொல்லணும்," என்றாள் இர்மா.

"யாருக்கு?"

"கீழ இருக்கிற பீப்பாய்ங்களுக்கு. வீட்ல சாவு விழுந்தா, பொணம் வாசலைத் தாண்டுறதுக்குள்ள ஒவ்வொண்ணையும் தட்டிச் சொல்லணும். சொல்லலைன்னா ஒயின் புளிச்சுப் போயிடும். நீங்க எந்த ஊரு, தம்பி?"

"ஹாம்பர்க்."

"அதான். அங்க திராட்சையே கிடையாது."

சில்கே அம்மாவைத் தனியே இழுத்தாள். "அம்மா, அது பண்ணைக்காரர் செத்தாத்தான். அப்பா எசமான் இல்ல. சம்பளக்காரர்."

"எசமான் வருஷத்துக்கு ரெண்டு தடவை இறங்குவாரு, கையில கிளாஸோட. பீப்பாய்க்கு யாரைத் தெரியும், சொல்லு? அந்த எசமான் செத்தப்ப எழுபது பீப்பாயையும் தட்டிச் சொன்னது யாரு? அவர் புள்ளைங்களா? உங்கப்பன். என் முட்டி படி இறங்காது. நீ போ."

"எனக்கு அசிங்கமா இருக்கும்மா."

இர்மா கணவனின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

மேலாளர் தொண்டையைக் கனைத்தார். "கீழ இப்ப குளிக்கிறாங்க, மேடம். அங்கி இல்லாம யாரையும் உள்ள விடுறதில்ல. விதி."

நாற்காலி முதுகில் எவால்டின் அங்கி மடிப்புக் கலையாமல் தொங்கியது. சில்கே அதை எடுத்து, உடுத்தியிருந்த உடைக்கு மேலேயே போட்டுக்கொண்டாள். கை நீளம் அதிகம். மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினாள்.

நிலவறையில் நீராவியும் லாவெண்டர் வாசனையும். நீல விளக்கில் நாலைந்து தலைகள் தண்ணீருக்கு மேலே மிதந்தன. சுவர் நெடுக ஏழு பீப்பாய்கள். முதலாவதை விரல் முட்டியால் தட்டினாள். டொங்கென்றது. பின்னால் ஒன்றுமில்லை. அறுத்து எடுத்த முகப்பைச் சுவரில் பதித்திருந்தார்கள். அடுத்ததன் நடுவே துண்டு வைக்கும் அலமாரி.

"எவால்ட் செத்துட்டாரு," என்றாள். குரல் வளைவுக் கூரையில் மோதிப் பெரிதாகத் திரும்பி வந்தது. தண்ணீரில் ஒரு பெண் சிரித்தாள்.

"அம்மணி, அதெல்லாம் சும்மா அலங்காரம்," என்றான் பக்கத்திலிருந்தவன். "ஒயின் வேணும்னா மேல பார்ல கேளுங்க."

சில்கே மூன்றாவதைத் தட்டினாள். "எவால்ட் செத்துட்டாரு. உங்களைப் பார்த்துக்கிட்டவரு." நான்காவது. ஐந்தாவதுக்கு வரும்போது சிரிப்பு நின்றிருந்தது. ஆறாவதில், மூலையில் கிடந்த கிழவர் ஒருவர் கம்பியைப் பிடித்துத் தண்ணீரிலேயே எழுந்து நின்றார். தொப்பை வழியே நீர் சொட்டியது. அவள் ஏழாவதுக்கும் சொல்லி முடிக்கும்வரை அவர் உட்காரவில்லை.

மேலே வந்தபோது பின்பக்க லிஃப்ட் கதவு திறந்திருந்தது. கறுப்பு உடைக்காரர்கள் இருவர் எவால்டைத் தள்ளுவண்டியில் ஏற்றியிருந்தார்கள். இரண்டு காலிலும் ஷூ இருந்தது. இர்மா வண்டியின் கைப்பிடியை விடாமல் நின்றாள்.

"எல்லாத்துக்கும் சொன்னியா?"

"சொன்னேன்."

"சத்தம் எப்படி இருந்துச்சு?"

நிறைந்த பீப்பாய் எப்படி ஒலிக்கும் என்று அப்பா சின்ன வயதில் காட்டியிருக்கிறார். காதை மரத்தில் வைக்கச் சொல்லி, விரல் மடக்கித் தட்டி.

"மந்தமா இருந்துச்சும்மா. எல்லாம் கழுத்து வரைக்கும் நெறஞ்சிருக்கு."

இர்மா தலையாட்டினாள். மகளின் வலது கையை எடுத்தாள். விரல் முட்டிகளில் ஈரம். எவால்ட் நிலவறையிலிருந்து வீடு திரும்பியதும் தினமும் அவர் கையை முகர்ந்ததைப் போல அதை மூக்கருகே கொண்டுபோய் ஒரு முறை முகர்ந்தாள். லாவெண்டர்தான் மணத்தது. பிறகு கைப்பிடியை விட்டுவிட்டு, தன் பாவாடை நுனியால் அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"சரி," என்றாள் அந்த ஆட்களிடம். "கிளம்புங்க."