சுண்டுவிரலுக்கு நிற்கும் தூளி

துவாரகாவிலிருந்த புது வீட்டுக்குக் குடிபோக மூட்டை கட்டிக்கொண்டிருந்த அன்று, ஜ்யோத்ஸ்னா பரணிலிருந்து ஒரு சர்க்யூட் போர்டை எடுத்துத் தூசி தட்டினாள்.

"அப்பா, இது பழைய சாமான் எடுக்கிற கபாடிவாலாவுக்குத்தானே?"

ஸ்ரீதர் ஓடிவந்து வாங்கிக்கொண்டார். "அந்தத் திருகைத் தொட்டுடாதே."

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில், மனைவி வத்சலாவின் பிரசவ விடுப்பு முடிய ஒரு வாரம்தான் பாக்கி இருந்தது. பகலில் கைக்குழந்தை ஜ்யோத்ஸ்னாவைப் பார்த்துக்கொள்ள, தமிழர்கள் குடியிருக்கும் மதராசி கேம்ப்பிலிருந்து தாயம்மாள் வருவதாக ஏற்பாடு. ஆனால் மகாராணிக்குத் தூளி ஆடிக்கொண்டே இருந்தால்தான் தூக்கம். ஆட்டுகிற கை ஓய்ந்தால் வீடு இரண்டுபடும். தாயம்மாளுக்கோ தோள்வலி. வேறு வழியில்லை, குழந்தையைத் திருநெல்வேலிக்குப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று பேச்சு அடிபட்டது. அந்தப் பேச்சை எடுத்தாலே வத்சலா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

ஸ்ரீதருக்கு வயர், சால்டரிங் என்றால் பைத்தியம். பழைய பிரிண்டரிலிருந்து கழற்றிய ஸ்டெப்பர் மோட்டார் ஒன்று கைவசம் இருந்தது. அதை ஓட்டும் போர்டை லஜ்பத் ராய் மார்க்கெட்டில் வாங்கிவந்து, தூளிக்குக் கயிறு கட்டி, மோட்டார் இழுத்து இழுத்து விடும்படி செய்தார். மோட்டாருக்குப் போகும் கரன்ட்டைக் கூட்டவும் குறைக்கவும் போர்டில் ஒரு பொடித் திருகு உண்டு. மனிதர் அதைத் தாராளமாகத் திருகிவிட்டார். தூளி ஜம்மென்று ஆடியது. மோட்டாரில் கை வைக்க முடியாத சூடு.

வத்சலா ஆடுகிற காலித் தூளியில் சுண்டுவிரலை மாட்டினாள். அது விரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.

"என் சுண்டுவிரலுக்கு நிக்காதது என் பொண்ணை ஆட்டக் கூடாது. கை கால் மாட்டிக்கிட்டா என்ன பண்றது?"

நியாயம்தான். ஸ்ரீதர் குறைத்தார். குழந்தையைப் போட்டதும் மோட்டார் கரகரவென்று முனகிவிட்டு மக்கர் பண்ணியது. குழந்தை வீறிட்டது. மறுபடி கூட்டல், மறுபடி குறைத்தல், மறுபடி சுண்டுவிரல். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒருவழியாகத் திருகு நிற்கவேண்டிய இடம் அகப்பட்டது. குழந்தையோடு ஆடியது, விரலுக்கு நின்றது. திங்கட்கிழமை வத்சலா ஆபீஸ் போனாள். திருநெல்வேலிப் பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை.

குழந்தை எடை போடப் போட, மோட்டார் அவ்வப்போது முனகும். ஸ்ரீதர் திருகை ஒரு மயிரிழை நகர்த்துவார். வத்சலா விரல் வைத்துப் பார்ப்பாள். மகள் வளர்வதை அவர்கள் அப்படித்தான் கண்டார்கள்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் மறுபடியும் முனகல்.

"திரும்பவும் வெயிட் போட்டுட்டாளா?" என்றபடி வத்சலா வந்தாள்.

ஸ்ரீதர் ஸ்க்ரூடிரைவரோடு குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தூளிப் புடவைக்கு வெளியே ஒரு குட்டிக் கை நீண்டு கட்டில் காலைப் பிடித்திருந்தது. வத்சலா விரல்களை மெல்ல விடுவித்தாள். தூளி ஆடியது. கை மறுபடி எட்டிப் பிடித்தது, தூளி நின்றது. உள்ளே ஒரே சிரிப்பு.

"ஆட்டினது போதும்னு சொல்றா," என்றாள் வத்சலா. சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அன்றைக்கே தூளியை அவிழ்த்தார்கள். திருகை மட்டும் ஸ்ரீதர் அதற்குமேல் தொடவில்லை.

அப்பா சொன்ன இந்தக் கதையை ஜ்யோத்ஸ்னா கேட்டுக்கொண்டிருந்தாள். "அச்சா, ஜல்தி கட்டுங்கப்பா, டெம்போ வந்துடும்," என்றாள். பிறகு போர்டைத் தன் துப்பட்டாவில் சுற்றி, டெம்போவில் ஏற்றும் பெட்டியில் போடாமல், ஸ்கூல் பையில் வைத்துக்கொண்டாள்.