ரெண்டு மணி ஷிப்டு

அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்கு முட்டுக் கொடுக்கும் தலையணையை மூத்தவள் முழங்காலால் தள்ளிக்கொண்டிருந்தபோது அவர் மறுபடியும் கேட்டார்.

"வந்தாச்சா?"

"வந்துட்டே இருக்கான்பா. சாயங்காலம் வந்துடுவான்."

பதில் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. அவர் கண் சுவர்க்கடிகாரத்திலேயே இருந்தது. மணி ஒன்றரை.

ரெண்டு நாள் தாண்டாது என்று டாக்டர் கையை விரித்துப் பத்தொன்பது நாள் ஆகிறது. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுக் கட்டிலை ஒட்டிய இந்த நாற்காலியில் உட்கார்ந்தவள்தான். குளிக்கப் போனாலும் ஒரு காது இங்கேயே கிடக்கும். அள்ளிக் கொட்டுவது அவள், துடைப்பது அவள். ஆனால் மதியமானால் அப்பா கேட்பது தம்பியை. இருக்கட்டும், அவன் தூர தேசத்தில் இருக்கிறான், தேடுவார்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். தேறவில்லை. நேற்று பாத்திரம் கழுவும்போது, "போதும்பா, போய்ச் சேர்ந்துடேன்" என்று குழாயைப் பார்த்து வாய்விட்டே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

அப்பா முப்பத்தோரு வருஷம் அணு உலையில் வேலை பார்த்தவர். சாதாரண உலை இல்லை, எரிக்கிற எரிபொருளைவிட அதிக எரிபொருளை உண்டாக்குகிற உலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் இதைச் சொன்னபோது அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாளாம், "தின்னதவிட அதிகமா தர்ற அடுப்பா? அப்போ வீட்டுக்கு ஒண்ணு கொண்டு வாங்களேன், நானும் ரெண்டு நாள் உக்காந்து சாப்பிடறேன்."

அப்பாவுக்குக் கோபமே வராது. "நடுவுல இருக்கறது எரியும். அதச் சுத்திப் போர்வை மாதிரி வேற உலோகத்த அடுக்கியிருப்போம். அது சும்மா பக்கத்துல இருக்கும், அவ்வளவுதான். இருந்து இருந்து, ஒருநாள் பாத்தா அதுலயும் எரிபொருள் சேந்திருக்கும்" என்பார்.

பக்கத்தில் இருந்து இருந்து தனக்குள் என்ன சேர்ந்தது என்று மூத்தவள் இந்தப் பத்தொன்பது நாளில் பலமுறை யோசித்துவிட்டாள். இடுப்பு வலிதான் சேர்ந்திருந்தது.

வாசல் கதவு திறந்தது. வந்தவர் ஹீட்டர் சித்தப்பா. உலைச் சூட்டை ஏந்திப் போகும் உருகிய சோடியம் குழாய்க்குள் உறைந்துவிடாமல் இருக்க, குழாய் நெடுக ஹீட்டர் சுற்றியிருக்கும். அப்பாவோடு உலையில் அதைப் பார்த்துக்கொண்டவர் என்பதால் அவருடைய சொந்தப் பெயரை ஊரே மறந்துவிட்டது. முட்டிவலியோடு நொண்டி நொண்டி வந்து, அப்பாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆறிக்கிட்டே வருதே பாப்பா."

நாற்பத்துமூன்று வயசுப் பாப்பா தலையை மட்டும் ஆட்டினாள்.

"வந்தாச்சா?" என்றார் அப்பா.

"தெனமும் இதேதான் சித்தப்பா. தம்பியத் தேடறாரு."

ஹீட்டர் சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

"அட கஷ்டமே! அவரு தம்பியக் கேக்கல. ரெண்டு மணி ஷிப்டுக்கு ஆள் வந்தாச்சான்னு கேக்கறாரு. மாத்து ஆள் வராம எப்படி எழுந்து போவாரு?"

சமையற்கட்டிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "நாங்கதான் தெனமும் சொல்றோமே, நாங்க பாத்துக்கறோம், நிம்மதியா இருங்கன்னு!"

"கண்ட்ரோல் ரூம்ல அது செல்லாது அண்ணி. பாத்துக்கறேன்னு எவன் சொன்னாலும் நாற்காலிய விடக் கூடாது. இருக்கற நெலமைய ஒண்ணு விடாம சொல்லணும், பழுது இருந்தா மறைக்காம சொல்லணும். கேட்டவன் எடுத்துக்கிட்டேன்னு சொல்லணும். ஒருநாள் ஆள் வராம பதினாறு மணி நேரம் உக்காந்த மனுஷன் இவரு."

"தெரியாதா எனக்கு? அந்த நாற்காலியவே கட்டிக்கிட்டிருக்கலாம்" என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டே முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"அவரால சொல்ல முடியாது பாப்பா. நீ சொல்லு. அவரு கேக்கட்டும்."

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, ரெண்டுக்கும் தெம்பில்லை. நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டு, அப்பாவின் காதருகே குனிந்தாள்.

"அப்பா, ரெண்டு மணி ஷிப்டுக்கு நான் வந்திருக்கேன். கேளுங்க. அம்மாவுக்குக் காலையில ஒரு மாத்திரை, ராத்திரி ரெண்டு. மோட்டார் போட்டா இருபது நிமிஷத்துல நிறுத்தணும். பின்கதவுத் தாழ்ப்பாளத் தூக்கித்தான் போடணும். தம்பி கோவிச்சுக்கிட்டா ரெண்டு நாள் அப்படியே விட்டுடணும், தானா வருவான்."

அப்பாவின் கண் கடிகாரத்தைவிட்டு அவளிடம் திரும்பியது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளைத்தான் பார்த்தார்.

"பழுது?" என்றார். காற்றாகத்தான் வந்தது.

ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். மறைக்கக் கூடாது என்பது நினைவுக்கு வந்தது.

"ஒண்ணு இருக்குப்பா. எனக்கு ரொம்ப அசதியா இருக்கு. நேத்து, நீங்க போயிட்டா தேவலைன்னு நெனச்சுட்டேன்."

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஹீட்டர் சித்தப்பா தரையைப் பார்த்தார். அப்பாவின் விரல் அவள் மணிக்கட்டின்மேல் இரண்டு தரம் தட்டியது. குறித்துக்கொண்டேன் என்பதற்கு அங்கே அப்படித்தான் மேஜையைத் தட்டுவார்கள் என்று சித்தப்பா பிறகு சொன்னார்.

"எடுத்துக்கிட்டேன்பா" என்றாள்.

ரெண்டு அடித்து ஏழெட்டு நிமிஷத்துக்கெல்லாம் மூச்சு நின்றது. பெரிய போராட்டம் எதுவும் இல்லை. அம்மா அழுதாள். அக்கம்பக்கத்தார் வந்தார்கள், போனார்கள். மூத்தவள் மட்டும் நாற்காலியைவிட்டு எழவில்லை. காப்பி கொடுத்தார்கள், வாங்கிக் குடித்தாள். கொஞ்சம் படு என்றார்கள், சரி என்றாள்.

பொழுது சாயத் தம்பி வந்தான். அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுது தீர்த்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"அக்கா, எந்திரிக்கா. போய்ப் படு. நான் பாத்துக்கறேன்."

அவள் அசையவில்லை. ஹீட்டர் சித்தப்பா இன்னொரு நாற்காலியைத் தூக்கிவந்து அவள் பக்கத்தில் போட்டார். தம்பி ஒன்றும் புரியாமல், தோளில் மாட்டிய பையோடு அதில் உட்கார்ந்தான்.

"அம்மாவுக்குக் காலையில ஒரு மாத்திரை, ராத்திரி ரெண்டு" என்று ஆரம்பித்தாள் மூத்தவள்.