கேட்டதற்கெல்லாம் தெரியாது

பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் விட்டுக் கூப்பிடுகிறார்கள் என்றால் பாராட்டவா கூப்பிடுவார்கள்? அத்தைக்கு அது தெரியாமல் இல்லை. இருந்தும் கடையில் அரை நாள் லீவு கேட்டு, முகம் கழுவி, இருப்பதில் நல்ல செருப்பை மாட்டிக்கொண்டு, அண்ணன் மகள் சிட்டுவுக்காக நாலு வார்த்தை நறுக்கென்று பேசிவிட்டு வருவது என்ற முடிவோடுதான் போனாள். போய் என்ன கிழித்தாள் என்று கேட்டால், ஒன்றும் கிழிக்கவில்லை.

அந்தப் பள்ளிக்கூடம் பெருஞ்சாலையை ஒட்டி இருந்தது. தலைமையாசிரியை தன் சர்வீஸ் முழுக்க லாரிச் சத்தத்தோடு போட்டி போட்டுப் பாடம் நடத்தியவர். அதில் அவருக்குச் சாதாரணக் குரல் என்ற ஒன்றே இல்லாமல் போய்விட்டது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாலும் திருடனைப் பிடித்த மாதிரிதான் கேட்பார். மற்றபடி நல்ல மனுஷி.

"உங்க அண்ணன் பொண்ணு எதைக் கேட்டாலும் தெரியாதுங்கிறா! வீட்டுல புஸ்தகத்தைத் தொடுறாளா இல்லையா?"

"தெரியாதுங்க," என்றாள் அத்தை.

"பாடம் யாரு சொல்லிக் குடுக்கிறது?"

"தெரியாது."

"ஒழுங்காத் தூங்குறாளா?"

"தெரியாது."

அத்தனையும் பச்சைப் பொய். சிட்டு தினமும் படிக்கிறாள். தான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் கண்ணாடிகளுக்கு நடுவில் வைக்கிற பழைய செய்தித்தாளை அத்தைதான் கொண்டுவந்து கொடுக்கிறாள். சிட்டு விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படிப்பாள், வரி தவறிப் போகும், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பாள். ராத்திரி பக்கத்து வீட்டில் பாத்திரம் உருண்டால் போதும், கண் திறப்பதற்கு முன்னால் கால் தரையில் இருக்கும். இதெல்லாம் அத்தைக்கு அத்துப்படி. ஆனால் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் உயர்ந்ததும் தலைக்குள் விளக்கை அணைத்த மாதிரி ஆகிவிட்டது. வாய் மட்டும் தானாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

தலைமையாசிரியை அவளை மேலும் கீழும் பார்த்தார். குடும்பமே இப்படித்தான் போலிருக்கிறது என்று அந்தப் பார்வையில் எழுதி ஒட்டியிருந்தது. "அடுத்த வாரம் டாக்டரம்மா வர்றாங்க. சோதிச்சுப் பார்ப்பாங்க. அதுலயும் இதே கதைன்னா, ஊர்க் கோடியில படிப்பு ஏறாத பிள்ளைங்களுக்குன்னு தனிப் பள்ளிக்கூடம் இருக்கு, அங்க மாத்திடலாம். அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்."

தெருவுக்கு வந்த பிறகுதான் அத்தைக்குப் பேச்சு வந்தது. எல்லாப் பதிலும் கோர்வையாக, அழகாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. இப்போது வந்து என்ன பிரயோசனம்? நடுரோடு என்றும் பார்க்காமல் தலையில் அடித்துக்கொண்டாள். அந்தத் தனிப் பள்ளிக்கூடத்தை அவளுக்குத் தெரியும், ஜன்னல் கண்ணாடி மாற்றப் போயிருக்கிறாள். பிள்ளைகளைச் சுவரோரமாக உட்கார வைத்திருந்தார்கள். யாரும் அவர்களை எதுவும் கேட்கவில்லை. தெரியாது என்று சொல்கிற பிள்ளையை யாருமே எதுவும் கேட்காத இடத்தில் கொண்டுபோய் விட்டால், அப்புறம் அது எதற்கு வாயைத் திறக்கும்?

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அத்தை பிறந்த வீட்டில் கேள்வி என்பது அடிக்கு முன்னால் வருகிற சத்தம். சாவி எங்கே என்று அப்பா கேட்பார். இங்கே இருக்கிறது என்று சொன்னால், நீதானே எடுத்தாய் என்று ஒன்று விழும். டம்ளரை உடைத்தது யார் என்பார். டம்ளர் உடைந்ததைப் பார்த்தவனும் உடைத்தவனும் அவருக்கு ஒன்றுதான். தெரியாது என்றாலும் அடி உண்டு, ஆனால் கொஞ்சம் குறைச்சல். அண்ணனும் தங்கையும் அந்தக் குறைச்சலைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்திலும் அதையே சொன்னார்கள். பெயரைக் கேட்டாலும் தெரியாது என்றார்கள். மக்குகள் என்று முத்திரை குத்தி இரண்டு பேரையும் கடைசி வரிசைக்கு அனுப்பினார்கள், அத்தை ஏழாவதோடு நின்றாள்.

பிறகு அண்ணன் வளர்ந்தான், கல்யாணம் செய்துகொண்டான், அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து அவனே கேள்வி கேட்க ஆரம்பித்தான். அண்ணி போய்ச் சேர்ந்த பிறகு கேட்பதற்கு அந்த வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்து, கோர்ட்டு குழந்தையை அத்தையிடம் ஒப்படைத்தபோது சிட்டுவுக்கு எட்டு வயது. முதல் நாள் சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு அவளும் தெரியாது என்றாள். அந்த வார்த்தையை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தானாகவே கண்டுபிடித்திருந்தாள்.

அத்தை கண்ணாடிக் கடையில் வெட்டுகிற வேலைக்குச் சேர்ந்ததற்கும் இதில் ஒரு சம்பந்தம் இருக்கிறது. அங்கே யாரும் கத்த மாட்டார்கள். வெட்டுகிறவளின் கை நடுங்கினால் கண்ணாடி போய்விடும், சில சமயம் விரலும் போய்விடும். அதனால் அந்தக் கடையில் ஒரு பழக்கம். வேலையில் இருப்பவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. முன்னால் வந்து நின்று, அவர் தலை நிமிரும்வரை பொறுத்திருந்து, அப்புறம்தான் பேச வேண்டும். முதலாளியே அப்படித்தான் நிற்பார். இந்த ஒரு மரியாதைக்காகவே வேறு கடையில் நல்ல வேலை வந்தும் அவள் போகவில்லை.

டாக்டர் வந்த நாளில் அத்தை காலையிலேயே போய்ப் பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்துகொண்டாள். சிட்டுவை ஓர் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். சின்ன வயசு, சோர்ந்த முகம்.

"எதுக்குமே பதில் வரலைம்மா. கடைசியா உன் பேர் என்னன்னு கேட்டேன். அதுக்கும் தெரியாதுன்னுட்டா."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற இடமா அது? அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, சிரித்துக்கொண்டே அழுதாள். டாக்டர் பயந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கத்துகிறவர் இல்லை. அதனால் அத்தையால் சொல்ல முடிந்தது. சாவி, டம்ளர், அப்பா, அண்ணன், போன வாரம் தானே உளறிக் கொட்டியது, எல்லாவற்றையும் ஒரு மூச்சில் சொன்னாள்.

டாக்டர் முழுக்கக் கேட்டார். "பயத்துலயே வளர்ற பிள்ளைக்கு மூளை காவல் காக்கிற வேலையிலயே போயிடும். ஆபத்து வருதான்னு பார்க்கிற பகுதி ஓயாம முழிச்சிருக்கும். சொன்னதை மனசுல வச்சுக்கிறது, ஒண்ணுல கவனம் நிக்கிறது, அடுத்து என்னன்னு யோசிக்கிறது, இதுக்கான பகுதியெல்லாம் வளர்றதுக்குத் தாமதமாகும். அவ வேணும்னு செய்யலை. உங்க அப்பா வீட்டுல நீங்களும் வேணும்னு செய்யலை."

"அப்ப எங்க தலையெல்லாம் பாதியில விட்ட கட்டடம்னு சொல்றீங்க."

"வேலை நிக்கலைன்னு சொல்றேன். பயம் குறைஞ்சு, நம்புற மாதிரி ஓர் ஆள் பக்கத்துல இருந்தா மறுபடி பிடிச்சுக்கும். எவ்வளவு தூரம்னு என்னால உறுதி குடுக்க முடியாது."

நாற்பது வயதுக்கு மேல், ஒரு பள்ளிக்கூட வராந்தாவில், தான் பிறவி மக்கு இல்லை என்று முதல்முதலாக ஒருத்தர் சொல்லக் கேட்டாள் அத்தை. சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். காது மடல் சுடுகிற கோபம். செத்துப்போன அப்பாவை எழுப்பி உட்கார வைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும்போல இருந்தது. அது நடக்கிற காரியமில்லை. நடக்கிற காரியத்தைப் பார்க்கலாம் என்று கண்ணைத் துடைத்தாள்.

"இன்னொரு தடவை கேளுங்க. கதவைத் திறந்து வைங்க."

"வெளிச் சத்தம் கவனத்தைக் கலைக்குமேன்னுதான் சாத்தினேன்."

"சாத்தின கதவுதான் கலைக்கும். அவ முகம் வாசலைப் பார்க்கட்டும். பின்னாலேர்ந்து யாரும் பேச வேண்டாம். அப்புறம்... தெரிஞ்சாலும் சொல்லாம இருக்கலாம்னு அவகிட்ட சொல்லுங்க."

"அப்படி ஒரு பதில் என் பரீட்சையில கிடையாதே," என்றார் டாக்டர். யோசித்தார். "சரி, இன்னைக்கு வச்சுக்குவோம். சும்மா பேசிப் பார்க்கிற மாதிரி."

மத்தியானம் கதவைத் திறந்து வைத்து, தெரிந்தாலும் சொல்லாமல் இருக்கலாம் என்று சிட்டுவிடம் சொல்லிவிட்டு, டாக்டர் மறுபடி ஆரம்பித்தார். சிட்டு வாசலைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், வராந்தாவில் தெரிந்த அத்தையின் காலைப் பார்த்தாள்.

"உன் பேர் என்ன?"

சிட்டு மெதுவாக, "தெரியும். சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டுத் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். எந்தக் கையும் உயரவில்லை. "சரி," என்றார் டாக்டர்.

"உனக்கு என்ன வயசு?"

"தெரியும். சொல்ல மாட்டேன்." இந்தத் தடவை குரல் கொஞ்சம் பெரிசு.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. கிழமை என்ன, சொல்ல மாட்டேன். உன் டீச்சர் யார், சொல்ல மாட்டேன். புதுச் சட்டை போட்ட பிள்ளை மாதிரி அந்த வார்த்தையைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். வெளியில் அத்தைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நல்லது செய்யப்போய் வேறு வினையை இழுத்து விட்டோமே, இந்தக் கழுதை சாயங்காலம் வரைக்கும் இதையே சொல்லும்போல இருக்கிறதே என்று பல்லைக் கடித்தாள். டாக்டர் கோபப்படாமல் ஒரு படத்தை எடுத்து வைத்தார். இதில் எது குறைகிறது என்று கேட்டார்.

சிட்டு வாயைத் திறந்தாள், மூடினாள். பொறுக்க முடியவில்லை அவளுக்கு. "கடியாரத்துல ஒரு முள்ளு இல்ல," என்றாள்.

அப்புறம் பேசினாள். எல்லாம் சரியாக வந்துவிட்டது என்று கதை விட மாட்டேன். நாலு எண்களைத் திருப்பிச் சொன்னாள், ஐந்து சொன்னால் நடுவில் சிதறியது. தலைகீழாகச் சொல்லச் சொன்னபோது ஒன்றும் வரவில்லை. படித்துக் காட்டிய கதையில் தொடக்கம் மறந்துபோய்விட்டது. வராந்தாவில் யாராவது நடந்தால் பாதிச் சொல்லில் நின்று, அவர் கடந்து போகும்வரை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டரும் கூடவே காத்திருந்தார்.

முடிந்ததும் அத்தையை உள்ளே கூப்பிட்டார். "வயசுக்குக் கொஞ்சம் பின்னாலதான் இருக்கா. அது நிஜம், மறைக்க வேண்டாம். ஆனா படிப்பு ஏறாத பிள்ளை இல்ல. இங்கேயே இருக்கிறதுதான் நல்லதுன்னு சொல்லுவேன். முடிவு பள்ளிக்கூடத்தோடது."

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை வந்தார். டாக்டர் சொல்லச் சொல்லவே தலைமையாசிரியையின் குரல் ஏறிக்கொண்டு போனது.

"ஒரு வகுப்புல அம்பது பிள்ளைங்க! ஒவ்வொருத்தருக்கும் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நான் உட்கார முடியுமா? அஞ்சு நம்பர் நிக்கலைங்கிறீங்க, கதை நிக்கலைங்கிறீங்க!" அத்தையின் பக்கம் திரும்பினார். "இவ இங்க இருந்தா தேறுவான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? சொல்லுங்க!"

வாரம் முழுக்கக் கண்ணாடி வெட்டிக்கொண்டே சேர்த்து வைத்த பதில்கள் அத்தனையும் அந்தச் 'சொல்லுங்க'வில் போய்விட்டன. அத்தையின் நாக்கு நுனியில் அந்தப் பழைய வார்த்தை வந்து உட்கார்ந்துகொண்டது. அதைச் சொன்னால் பிள்ளை போயிற்று என்று நன்றாகத் தெரிகிறது, ஆனால் வேறு எதுவும் வரமாட்டேன் என்கிறது. உதடு பிரிந்தது.

"டீச்சர், கத்தாதீங்க," என்றாள் சிட்டு.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றிருந்தாள்.

"நீங்க கத்தினா எங்களுக்குத் தெரிஞ்சதுகூட மறந்துபோயிடும்."

அத்தை தன்னை அறியாமல் இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றாள். அடி விழுந்தால் தன்மேல் விழட்டும் என்று உடம்பே முடிவு செய்துவிட்டது. தலைமையாசிரியை அசையவில்லை. அவர் முகத்துக்கு நேராக இப்படிச் சொன்ன பிள்ளை அந்தப் பள்ளிக்கூடத்தில் அதுவரை பிறக்கவில்லை.

"நான் கத்துறேனா?" என்று டாக்டரைக் கேட்டார். அதையும் கத்தித்தான் கேட்டார். டாக்டர் கூரையைப் பார்த்தார்.

தலைமையாசிரியை தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அப்புறம், புழங்காமல் கிடந்த ஒரு கரகரத்த குரலைத் தேடி எடுத்து, "எப்படித் தெரியும்னு சொல்லுங்கம்மா," என்றார்.

அத்தைக்குத் தலைக்குள் வெளிச்சம் வந்தது.

"இப்ப இவ சொன்னதைக் கேட்டீங்களே, அதுலதான் தெரியும். என்கிட்ட வந்த புதுசுல சாப்பிட்டியான்னு கேட்டா பதில் சொல்லத் தெரியாத பிள்ளை. இன்னைக்கு உங்களை நிமிர்ந்து பார்த்துக் கத்தாதீங்கன்னு சொல்றா. எங்க குடும்பத்துல இதுவரைக்கும் ஒருத்தர் அதைச் சொன்னதில்ல. நான் சொன்னதில்ல, எங்க அண்ணன் சொன்னதில்ல. சொல்ல வரலை எங்களுக்கு. இவளுக்கு வந்துடுச்சு. அதுக்கு முன்னால அஞ்சு நம்பர் எம்மாத்திரம்? இன்னைக்கு நாலு, ஒரு நாள் அஞ்சு. வராமலே போனாலும் போகட்டும், நாலை வச்சுக்கிட்டுப் பிழைச்சுக்குவா. அந்த ஊர்க் கோடிக்கு மட்டும் அவளை நான் அனுப்ப மாட்டேன். நீங்க என்ன சொன்னாலும் அனுப்ப மாட்டேன்."

பெருஞ்சாலையில் ஒரு லாரி போனது, தலைமையாசிரியை அதோடு போட்டி போடாமல் அது போய் முடிகிறவரை பொறுத்திருந்தார்.

"சரி, இருக்கட்டும். பார்க்கலாம்," என்றார் தலைமையாசிரியை.

"பார்க்கலாம் வேண்டாங்க. இருக்கட்டும்னு மட்டும் சொல்லுங்க."

"இருக்கட்டும்," என்றார் அவர், அதே கரகரத்த குரலில்.

சிட்டு எழுந்து நின்ற நாற்காலி காலியாக இருந்தது, அத்தை அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.