ஆரணியின் இருபது மாதங்கள்

சனிக்கிழமை மத்தியானம், வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிய மரக்கறிப் பையோடு நான்காம் மாடிக்கு ஏறி வந்த ஆரணி, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே யாரோ தன்னுடைய வங்கிக் கணக்கைச் சத்தமாகச் சொல்வதைக் கேட்டாள்.

"வீடு பிள்ளையின்ரை பேரிலை. அதோடை காசு பதினேழரை. அப்பிடித்தானே, நாகேந்திரத்தார்?"

பதினேழரை இலட்சம். அந்தத் தொகை உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஆரணிக்குத் தெரியும், வங்கிக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும். வங்கி வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துக்கொண்டு கதைக்காது.

உள்ளே போனாள். கலியாணத் தரகர் சவுந்தரநாயகம் மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தார். எதிரே அப்பா. பக்கத்தில் அம்மா அன்னபாக்கியம், விசேஷங்களுக்கு மட்டும் திறக்கப்படும் பிஸ்கட் டின்னை மடியில் வைத்திருந்தாள்.

"அது சீதனக் காசில்லை," என்றாள் ஆரணி. பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை.

"வா பிள்ளை, வா," என்றார் சவுந்தரநாயகம், ஏதோ அவருடைய வீடு போல. "சீதனம் எண்டு ஆர் சொன்னது? இந்தக் காலத்திலை ஆர் சீதனம் கேக்கினம்? அவை டொனேஷன் எண்டுதான் கேட்டவை."

"அதுவும் இல்லை."

"பாருங்கோ, பிள்ளைக்கு வெக்கம்," என்று அவர் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். ஆரணிக்குப் பையில் இருந்த பூசணிக்காய்த் துண்டை எடுத்து யாருடைய தலையிலாவது போடலாம் போல இருந்தது.

அந்தக் காசை அவள் ஒருநாளும் ரூபாயாக எண்ணியதில்லை. மாதங்களாகத்தான் எண்ணினாள். வீட்டுக்குக் கொடுப்பது, பஸ், மத்தியானச் சாப்பாடு, போன், அம்மாவின் பிரஷர் மருந்து எல்லாம் சேர்த்து அவளுக்கு மாதம் எண்பத்தேழாயிரத்து ஐந்நூறு ரூபாய் போகிறது. ஆகவே பதினேழரை இலட்சம் என்பது இருபது மாதங்கள். யாருக்கும் கைகட்டி நிற்காமல், யாருடைய முகத்தையும் பார்க்காமல் விடியக்கூடிய அறுநூறு காலைகள். இருபத்துநான்கு மாதம் சேர்ந்ததும் பம்பலப்பிட்டியில் இருக்கும் கணக்காய்வு நிறுவனத்து வேலையை விட்டுவிட்டு, காலி வீதியிலுள்ள சின்னக் கடைக்காரர்களுக்கு வரிக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் சொந்தத் தொழில் தொடங்குவதுதான் திட்டம். தொழில் காலூன்றும் வரைக்கும் சோறு போட அந்த மாதங்கள் வேண்டும்.

எட்டு வருடமாக அப்படித்தான் எதையும் பார்த்தாள். நண்பிகளோடு ஒரு கொத்துரொட்டி என்றால் அரை நாள். அலுவலகத்துப் பெண்கள் எல்லாரும் ஒரே நிறத்தில் எடுத்த சேலை மூன்று நாள். ஒவ்வொரு முறையும் 'எனக்கு அந்த மூன்று நாள்தான் வேணும்' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். வெளியே, தனக்கு அந்த நிறம் பொருந்தாது என்பாள். கஞ்சப்பிசினாரி என்று அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அதுவும் அவளுக்குத் தெரியும்.

இதையெல்லாம் அப்பாவிடம் ஒருமுறையல்ல, நான்கு முறை சொல்லியிருக்கிறாள். நான்கு முறையும் அவர் கவனமாகக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, "நல்லது பிள்ளை, கலியாணத்துக்கு உதவும்," என்றார்.

தரகர் போன பிறகு அப்பா முதலில் மின்விசிறியை நிறுத்தினார். விருந்தினருக்குத்தான் காற்று.

"என்னைக் கேக்காமல் ஏனப்பா சொன்னனீங்கள்?"

"கேட்டவை. இருக்கிறதைச் சொன்னனான். பொய் சொல்லச் சொல்லுறியோ?"

"அது என்ரை காசு."

"உன்ரை காசுதான். உன்ரை கலியாணத்துக்குத்தானே குடுக்கப் போறம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின்ரை கலியாணத்துக்கோ?" அவருக்கு இதில் எங்கே சண்டை இருக்கிறது என்றே விளங்கவில்லை. "அவை இருபது கேட்டவை. மிச்ச ரெண்டரையைக் கலியாண எழுத்துக்கு முன்னம் நீ சேர்த்துப் போடுவாய் எண்டு சொல்லியிருக்கிறன். நீ கெட்டிக்காரியெல்லே."

"நானோ?"

"வாற பதினாலாம் திகதி வங்கியிலை போட்ட பிக்ஸட் முதிருது. அதுக்கு முன்னம் எழுத்து வைக்க ஏலாது எண்டு நாயகத்தாரிட்டை அடிச்சுச் சொல்லிப்போட்டன். அவை நாள் பார்த்து ஏழாம் திகதி எண்டவை. நான் விடேல்லை. ஏழு நாளைக்காக வட்டியை விடுறதோ?"

ஆரணி கதிரையில் இருந்துவிட்டாள். அவளுடைய கலியாண முகூர்த்தத்தை அப்பா வங்கியின் முதிர்வுத் திகதிக்கு ஏற்றபடி தள்ளிவைத்திருந்தார்.

"ஏன் பிள்ளை கத்துறாய், பக்கத்து வீட்டுக்குக் கேக்குது," என்றாள் அம்மா குசினியிலிருந்து. ஆரணி இன்னும் கத்தத் தொடங்கவேயில்லை.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு கையெழுத்து. இருபத்துமூன்று வயதில் முதல் சம்பளம் எடுத்தபோது, "தனிப் பேரிலை போடாதை பிள்ளை, ஆபத்து அந்தரத்துக்கு என்ரை பேரும் இருக்கட்டும்," என்றார் அப்பா. அவளும் போட்டாள். எதற்கும் இருவரும் சேர்ந்து கையெழுத்து வைக்கவேண்டும் என்ற ஏற்பாடு. அவளுடைய சம்மதமில்லாமல் அப்பாவால் ஒரு சதமும் எடுக்க முடியாது. ஆனால் அப்பாவின் சம்மதமில்லாமல் அவளாலும் எடுக்க முடியாது. கையெழுத்துப் போட மறுத்தால் அந்த இருபது மாதங்களும் யாருக்கும் உதவாமல் வங்கியிலேயே கிடக்கும். அவளும் பம்பலப்பிட்டியிலேயே கிடப்பாள்.

மறுநாள் பின்னேரம் மாப்பிள்ளை வீட்டாரைச் சந்திக்கும் ஏற்பாடு ஏற்கெனவே முடிந்திருந்தது. கடற்கரை வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடை. பெரியவர்கள் நீளமான மேசையில் இருந்துகொண்டு, இளையவர்களைக் கண்ணாடி ஓரத்துச் சின்ன மேசைக்கு அனுப்பினார்கள். பத்து நிமிடம் கதைக்கலாம். கூடினால் பதினைந்து.

மாப்பிள்ளையின் பெயர் மிதுஷன். கணினி நிறுவனமொன்றில் வேலை. முகத்தில் ஒரு களைப்பு, நல்ல களைப்பு, வெளியூர் போய்த் திரும்பி வந்தவனுடையதைப் போல. வேறொரு நாளில் கண்டிருந்தால் ஆரணிக்கு அவனைப் பிடித்திருக்கலாம். அந்த எண்ணமே அவளுக்கு எரிச்சலைத் தந்தது.

"ஒரு விஷயம் நேரடியாக் கேக்கிறன், குறை நினைக்காதேங்கோ," என்றாள். "அந்த இருபது இலட்சத்தை வைச்சு என்ன செய்யப் போறியள்?"

"நானோ? நான் ஒண்டும் செய்யப் போறதில்லை." அவன் ஐஸ்கிறீமைக் கிண்டினான். "அது சுரேகாவுக்கு. என்ரை சின்னத் தங்கச்சி. அவளுக்கு ஒரு இடம் சரிவந்திருக்கு. அவை இருபது கேக்கினம்."

"அப்ப அவை அதை வைச்சு என்ன செய்வினம்?"

"அந்தப் பெடியனுக்கு ஒரு அக்கா இருக்கிறா. வயசு போகுது எண்டு கவலைப்படுகினம்."

"அந்த அக்கா கட்டப்போறவருக்கு?"

மிதுஷன் கொஞ்சம் யோசித்தான். "இருக்கும். ஒரு தங்கச்சியாவது இல்லாமலோ இருக்கப் போகுது?"

ஆரணி கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். கடலோரத் தண்டவாளத்தில் தெற்கே போகும் கடுகதி ரயிலொன்று நிற்காமல் ஓடியது. அதன் யன்னல்களில் தெரிந்த முகங்களில் ஒன்றைக்கூட அவளால் பிடித்துவைக்க முடியவில்லை. தன்னுடைய இருபது மாதங்களும் அதே மாதிரி ஒரு வீட்டிலும் இறங்காமல், தெகிவளை, வத்தளை, கொட்டாஞ்சேனை என்று போய்க்கொண்டே இருக்கும். அதற்குள் யார் இருந்தார்கள், எத்தனை பகல் பசியோடு இருந்தார்கள் என்பது எவருக்கும் தெரியப்போவதில்லை.

"அப்ப நான் எட்டு வருஷமா வாயைக் கட்டிச் சேர்த்தது, நான் ஒருநாளும் காணாத ஒரு அக்காவின்ரை மாப்பிள்ளையின்ரை தங்கச்சிக்கோ?"

அவன் சிரித்துவிட்டான். பிறகு சிரிப்பு அவனுக்கே பிடிக்காமல் போனது. "நானும் ஆறு வருஷம் சேர்த்தனான். ஒஸ்ரேலியாவிலை படிக்கப் போறதுக்கு. பெரிய தங்கச்சியின்ரை கலியாணத்தோடை அது முடிஞ்சுது. கணக்கு மூடேக்கை வங்கியிலை ஒரு கலண்டர் தந்தவை."

"நீங்கள் வேண்டாம் எண்டு சொல்லலாமே?"

"நான் சொன்னால் அம்மா மூண்டு நாளைக்குச் சாப்பிடமாட்டா. நீங்கள் சொல்லுங்கோ. உங்கட அம்மா சாப்பிடுவாபோலை இருக்கு."

நீளமான மேசையில் அம்மா இரண்டாவது றோல்ஸை எடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் ஆரணி தொடங்கினாள். சுதந்திரம், சொந்தத் தொழில், சுயமரியாதை எல்லாவற்றையும் ஐந்தாவது முறையாகச் சொன்னாள். அப்பா புட்டைக் குழைத்தபடி தலையாட்டினார். "நல்லது பிள்ளை. கலியாணத்துக்குப் பிறகும் செய்யலாம்."

"எந்தக் காசிலை அப்பா?"

"அவர் உழைக்கிறார்தானே."

"அப்ப நான் எட்டு வருஷம் உழைச்சதை ஆருக்கோ குடுத்துப்போட்டு, பிறகு இவரிட்டைக் கை நீட்டுறதோ?"

"புருஷனிட்டைக் கேக்கிறது கை நீட்டுறதோ?" என்றாள் அம்மா.

ஆரணி அலுத்துப்போய், எழும்பிக் கை கழுவப் போகும் வழியில், யாருக்கென்று இல்லாமல் சொன்னாள்: "காசு அவரிட்டையும் நிக்காது. சுரேகாவின்ரை மாப்பிள்ளை வீட்டை போகும். அங்கையும் நிக்காது, அவையின்ரை அக்காவுக்குப் போகும். ஒரு இடத்திலையும் ஒரு மாசம்கூடக் கிடக்காது."

அப்பாவின் கை புட்டுக் கோப்பையில் நின்றது.

"ஒரு மாசம்கூடவோ?"

"ஒரு கிழமைகூட."

"ஆரும் பிக்ஸட்டிலை போடமாட்டினமோ?"

"எங்கை போடுறது? கை மாறிக்கொண்டெல்லே போகப்போகுது."

"அப்ப வட்டி?"

"வட்டியே இல்லை அப்பா."

நாகேந்திரம் மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார். முப்பத்தைந்து வருடம் அரசாங்கத்தில் வேலை செய்து, ஒரு பஸ் தரிப்பிடம் முன்னாலேயே இறங்கி நடந்து, இந்த மாடிவீட்டை வாங்கிய மனிதர் அவர். காசைச் செலவழிப்பவர்களை அவர் மன்னிப்பார். காசைச் சும்மா வைத்திருப்பவர்களை ஒருநாளும் மன்னித்ததில்லை.

"விசர்க் கூட்டம்!" என்றார். "இருபது இலட்சம்! மாசம் என்ன வட்டி வருமெண்டு தெரியுமோ அவைக்கு?"

குழைத்த கையோடு எழும்பி, இடது கையால் தரகருக்குப் போன் எடுத்தார். "நாயகம், உது சரிவராது. இல்லை இல்லை, பெடியனிலை ஒரு குறையும் இல்லை. காசு வைச்சிருக்கத் தெரியாத சனம். ஓம். வேறை இருந்தால் பாரும். கூடப்பிறந்தவை இல்லாத பெடியன் இருந்தால் நல்லம்."

ஆரணி தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடியே நின்றாள். அவள் வென்றுவிட்டாள். ஆனால் அவள் சொன்ன ஒரு காரணமும் வெல்லவில்லை. கூடப்பிறந்தவர்கள் இல்லாத பையன் ஒருவன் கிடைத்தாலும், அவனுக்குத் தாய்மாமன் வீட்டுக் கடன் ஒன்று இருக்கும்.

பதினான்காம் திகதி வரைக்கும் அவள் சுதந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் சொன்னாள்: "கணக்கிலை உங்கட பேர் கிடக்கும்வரைக்கும் வாறவை உங்களைத்தான் கேப்பினம். பேரை எடுத்துவிட்டால், 'என்னட்டை ஒண்டும் இல்லை' எண்டு உண்மையாவே சொல்லலாம்." அப்பாவுக்கு அது பிடித்துக்கொண்டது. மனிதர்களின் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல அவருக்கு வராது. அந்தக் கஷ்டம் அவருக்குள்ளும் இருந்திருக்கிறது என்பதை ஆரணி அப்போதுதான் கண்டாள்.

வங்கியில் இரண்டு மணித்தியாலம் இலக்கச் சீட்டோடு காத்திருந்தார்கள். கடைசியில் அதிகாரிப் பெண் படிவத்தைத் திருப்பி வைத்து, "அங்கல், மெதன அத்சன் கரன்ன," என்று சிங்களத்தில் சொல்லி, கையெழுத்து வைக்கும் இடத்தை விரலால் காட்டினாள். அப்பா கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார். பின்னால் இருந்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள். வட்டி வீதத்தை இரண்டு முறை கேட்டார். காசில் மூன்று மாதத்துக்கு உரியதைச் சேமிப்புக் கணக்கில் போடுவது ஏன் என்று கேட்டார். "கைச்செலவுக்கு," என்றாள் ஆரணி. பிறகு அவர் தன் பெயரை நீக்கும் இடத்தில், எந்த அவசரமும் இல்லாமல், அழகாகக் கையெழுத்து வைத்தார்.

புதிய வைப்புச் சான்றிதழ் அச்சாகும் நேரத்தில் ஆரணி போனை எடுத்தாள். ராஜினாமாக் கடிதம் ஒரு வருடமாக அதற்குள் கிடந்தது. திகதியை மட்டும் மாற்றினாள். இருபத்துநான்கு மாதம் சேரவில்லை என்பது உண்மை. ஆனால் மிச்ச நான்கு மாதத்தைச் சேர்க்க ஒரு வருடமாவது எடுக்கும். ஒரு வருடத்தில் இந்த வீட்டுக்கு எத்தனை சவுந்தரநாயகங்கள் வருவார்கள்? கடிதத்தை அனுப்பிவிட்டாள்.

காலி வீதிக்கு வந்ததும் சொன்னாள்.

அப்பா நடைபாதையின் நடுவில் நின்றுவிட்டார். சனம் இரண்டு பக்கமும் அவரை விலத்திப் போனது.

"வேலையை விட்டிட்டியோ?"

"ஓம். வாற மாசத்தோடை."

"கைச்செலவு எண்டு சொன்னது...?"

"இதுதான்."

"ஆர் உனக்குக் கணக்குப் பார்க்கத் தரப் போகினம்? எத்தினை கடை கைவசம் இருக்கு?"

"இப்ப ஒண்டும் இல்லை."

"ஒண்டும் இல்லையோ!"

சேலைக் கடை வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா தலையில் கை வைத்தார், கையை எடுத்தார், திரும்ப வைத்தார். "ஒண்டு... ஒண்டுகூட இல்லாமலோ பிள்ளை?" என்றபடி அவர் நடக்கத் தொடங்கினார். நான்கு அடி வைத்ததும் நின்று, எதிரே இருந்த மருந்துக் கடைக்காரனைக் காட்டிக் கோபமாகக் கேட்டார்:

"அவனிட்டைக் கேட்டுப் பார்த்தியோ?"

"இல்லை."

"இல்லை! எல்லாத்துக்கும் இல்லை! வா இஞ்சை," என்று சொல்லி, அவள் பின்னால் வருகிறாளா என்றுகூடப் பார்க்காமல் வீதியைக் கடந்தார்.