இழுத்தால் திரும்பாத நூல்

அழகுமுத்து கொட்டாஞ்சேனை நூல் ஸ்டோர்ஸில் மூடை தூக்குகிற நாட்டாமி. அவன் முதுகுதான் சிவபாதசுந்தரம் ஐயாவுக்குப் பிடித்துப்போனது. ஐயா வெள்ளவத்தையில் இருக்கிற இன்ஜினியர். உருக்கிய நைலோனில் மாவைவிடப் பொடியான கரியைக் கலந்து இழுத்த கறுப்பு நூலால் ஒரு பெனியன் பின்னுவித்திருந்தார். நூல் நீண்டால் அதில் ஓடுகிற கரண்ட் குறையும், சுருங்கினால் கூடும். போட்டிருப்பவனின் மூச்சும் குனிவும் இடுப்பிலுள்ள சின்னப் பெட்டியில் பதியும்.

"உந்தப் பெனியனைப் போட்டுக்கொண்டு காலமை வேலை செய். மத்தியானம் அப்பிடியே வீட்டை வா. பிடிச்சு இழுத்துப்போடாதை. அளவு மிஞ்சினால் கரி விலகிப் போகும், பிறகு திரும்பாது."

வருடம் இரண்டாயிரத்து எட்டு. பஸ்ஸில் குண்டு வெடிக்கிற காலம். இடுப்பில் மினுங்குகிற பெட்டியோடு ஒரு தமிழனைக் கொழும்பின் காலி வீதியால் வரச்சொல்லப் படித்த மூளைக்குத்தான் தோன்றும்.

செக்பொயிண்டில் அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்த பொலிஸ்காரன் பின்னால் பாய்ந்தான். கையை உயர்த்தச் சொல்லி முழங்காலில் நிறுத்தினார்கள். தார் கொதித்தது. பெனியனைத் தொட ஒருவனுக்கும் துணிவில்லை. துவக்குகள் மட்டும் அவன் நெற்றியைப் பார்த்தன. அவன் வந்த பஸ்ஸில் இருந்த சனம் எட்டிப் பார்த்தது. அவன் சொன்ன நம்பருக்குப் போன் போனது. ஐயாவின் வீடு அடுத்த ஒழுங்கையில், கூப்பிடு தூரம்.

அவர் வந்துசேர்ந்தபோது அவன் கால்கள் மரத்திருந்தன. கொம்பனி அட்டையைக் காட்டி, சிங்களத்தில் சிரித்துக் கதைத்து மீட்டார். பிறகு குனிந்து பெட்டியைத் தடவினார். விரலில் ரசம் மணத்தது.

"சாப்பிட்டுட்டா வந்தீங்க?"

"கையைக் கழுவிப்போட்டு ஓடி வந்தனான் அப்பன். பெட்டிக்கு ஒண்டும் ஆகேல்லையே?"

வீட்டில், அவன் இடுப்பிலிருந்த பெட்டியைப் பெனியனிலிருந்து பிரிக்காமலே கம்ப்யூட்டரில் கொழுவினார். திரையில் கோடு துள்ளியது. ஐயாவின் முகம் மலர்ந்தது.

"அருமை! மூடை தூக்கேக்கை ஒருநாளும் இப்பிடி மூச்சு வரேல்லை. இந்த இடத்திலை என்ன செய்தனி?"

"முட்டி போட்டேங்க. துவக்கு முன்னால."

"ஓ... பாவம்தான். எண்டாலும் நல்ல ரீடிங்."

அழகுமுத்து பெனியனைக் கழற்றினான். தரப்போகிறான் என்று ஐயா கை நீட்டினார். மூடை தூக்கிய கைகள் அதை இரண்டு பக்கமும் இழுத்தன. நூல் நீண்டது, இன்னும் நீண்டது. திரையில் கோடு சரிந்து படுத்தது.

"டேய் விசரா! விடடா!"

விட்டான். பெனியன் தொய்ந்து தொங்கியது. கோடு எழவில்லை.

"நீங்க சொன்னது சரிதாங்க. திரும்பல."

தன் சட்டையை மாட்டிக்கொண்டு அதே செக்பொயிண்டைப் பார்த்து நடந்தான்.