கம்பியில் பூசிய நீறு

ஆடி மாதத்துச் சித்திரபுரம் பகலை அறியாது. முதலில் மலைமுடி மறையும். பின் தேயிலைச் சரிவு மறையும். கடைசியில் எதிர்வீட்டு விளக்கும் மஞ்சுக்குள் அமிழும். மழையும் மஞ்சும் பிரிவறியாது கலந்து, வானமே தாழ்ந்து வந்து கூரைகளின்மேல் படுத்திருக்கும். துணி உலராது, விறகு உலராது, மாண்டாரின் நினைவும் உலராது.

மின்வாரியக் குடியிருப்பின் அந்த வீட்டில் ஆனந்தி தன் அக்காளின் இடத்தில் வாழ வந்தவள். அக்காள் சின்னத்தாய் சென்ற ஐப்பசியில் காய்ச்சலில் இறந்தாள். உறவினர் கூடிப் பேசி, அவள் கணவன் வேல்முருகனுக்கே தங்கையை மணமுடித்தனர். இன்று விடிந்தால் ஆடி அமாவாசை. இறந்தவர் விரும்பி உண்டதைப் படைக்கும் நாள். சின்னத்தாய் விரும்பியது, தானே சுட்ட வெண்ணெய் பிஸ்கட்.

அதைத்தான் அக்காளின் மின் ஓவன் மறுத்தது. வைத்த தட்டெல்லாம் கரியாகவே வெளிவந்தன. அணைத்த பின் ஆறும் இரும்பு கிணுகிணுத்தபோது, அக்காளின் மெட்டி ஒலி சமையலறையைக் கடந்து செல்வதாக ஆனந்திக்குத் தோன்றியது.

“அக்கா என் கையால வாங்க மாட்டா அத்தான். நாளைக்குப் படையலும் இப்படின்னா, நான் அம்மா கூடவே போயிருதேன். அவ வீட்டுல அவளுக்குப் பிடிக்காம நான் எப்படி இருக்க?”

“ஒங்க அக்கா எனக்கு எத்தனை நாள் தீஞ்ச தோசை போட்டிருக்கா! அப்ப எந்தப் பேயி வந்துச்சு?” என்றான் வேல்முருகன். படையலுக்காக வண்டிப்பெரியாறிலிருந்து வந்திருந்த ஆனந்தியின் தாய் பெரியம்மாள் சுவரைப் பார்த்து அமர்ந்திருந்தாள்.

வேல்முருகன் மூணாறு சென்று, ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்றை வாங்கி வந்தான். வெற்று ஓவனின் நடுத்தட்டில் அதை வைத்துக் குமிழை நூற்றறுபது டிகிரிக்குத் திருப்பினான். கண்ணாடிக்கு அப்பால் முள் நூற்றறுபதைத் தாண்டியது, இருநூறையும் தாண்டியது. சூடேறுவதைக் காட்டும் விளக்கோ அணையவே இல்லை.

“கதவு ரப்பர் நல்லாத்தான இருக்கு, கரண்டும் சீரா வருது. அப்பொறம் ஏன் நிக்காம ஏறுது?” என்றான் வேல்முருகன்.

மின்சாரத்தை நிறுத்தி, உள்ளே ஆறியதும் ஆனந்தி டார்ச்சுடன் தலையை நுழைத்தாள். பின்சுவரிலிருந்து நீண்ட சிறு கம்பிதான் சூட்டை உணர்ந்து, அளவு வந்ததும் மின்சாரத்தை நிறுத்துவது. அது கம்பியாகவே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் விரற்கடை தடித்திருந்தது. மேற்புறத்தில் மூன்று கோடுகள்; மூன்று விரல்களின் தடம்.

“அம்மா, இங்க திருநூறு பூசியிருக்கு!”

பெரியம்மாள் எழுந்து வந்தாள். “ஒங்க அக்காதான் ஆயுத பூசைக்குப் பூசியிருப்பா தாயி. தேயிலை பாக்டரில கொழுந்து காய வைக்க டிரையர் இருக்குல்லா, அதுல சூடு பாக்குற குழாய்க்குத்தான மொதப் பட்டை போடுவாக. அது தப்பாச் சொன்னா அன்னைக்குக் கொழுந்தே பாழு. கல்யாணத்துக்கு முன்னால அங்கதான வேலை பாத்தா.”

ஆண்டுதோறும் குழைத்துப் பூசிய நீறு சுண்ணாம்பெனக் காய்ந்து கம்பியைப் போர்த்தியிருந்தது. அனல் அதைத் துளைத்துக் கம்பியைத் தொடுவதற்குள் ஓவனின் உள்ளறை பழுத்துவிடும்.

“அப்ப அவ சுட்டது மட்டும் ஏன் கருகல?” என்றாள் ஆனந்தி.

“அவ எங்க நம்பர் பாத்தா? கதவத் தொறந்து முகத்துல அனல வாங்கிட்டு, கொமிழக் கொறச்சுக்கிட்டே இருப்பா,” என்றான் வேல்முருகன்.

இனிச் செய்ய வேண்டியது தெரிந்தது. ஆனால் ஆனந்தியின் கை எழவில்லை. மண்ணுலகில் சின்னத்தாயின் விரல் பதிந்த இடம் வேறு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

“நான் அழிச்சா, அவள வீட்ட விட்டே தொடச்ச மாதிரி ஆயிரும்மா.”

பெரியம்மாள் டார்ச்சை வாங்கி அந்தக் கோடுகளைப் பார்த்தாள். பின், “கும்புட்டுட்டு எடு. கீழ சிந்தாம எடு,” என்றாள்.

ஆனந்தி ஈரத்துணியால் ஊறவைத்து, நீறு முழுவதையும் வாழையிலையில் வழித்தெடுத்தாள். வெறும் கம்பி மின்னியது. மீண்டும் சூடேற்றியபோது முள் நூற்றறுபதை அணுகித் தயங்கியது, விளக்கு அணைந்தது. அந்தத் தட்டுப் பிஸ்கட் பொன்னிறத்தில் வெளிவந்தது.

மறுநாள் காலை விளக்கின் முன் இலை விரித்து, அவற்றை ஆனந்தி தன் கையாலேயே படைத்தாள். வழித்த நீற்றை நெற்றியில் மூன்று கோடாக இட்டுக்கொண்டு, நிலம் தோய வணங்கினாள்.

பெரியம்மாள் குனிந்து அவள் தலையில் கை வைத்தாள். “அக்காளும் தங்கச்சியுமா இந்த வீட்டுல நெறஞ்சு இருங்க தாயி.”